நான் எப்போதும் அளந்த மூன்று இடங்கள்

தம்பி, நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் மேலிருந்து கீழே ஒருதரம் கண்ணை ஓடவிட்டு மூடிவிடுவாய். மெதுவாக வாசி. என் எண்ணை நீ தடுத்து வைத்துப் பதினொரு நாள் ஆகிறது. ஆகவே இதை நம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத் தாய்மாரின் வாட்ஸப் குழுவில் போடப்போகிறேன். உன்னோடு படித்த பிள்ளைகளின் அம்மாமார் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். இன்று வெள்ளி, மாலைக்குள் யாரோ ஒருவரின் மகன் இதை உனக்கு அனுப்பிவிடுவான். எல்லாரும் வாசித்த பிறகுதான் உன் கைக்கு வருகிறது என்று கோபப்படுவாய். கோபப்படு. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகும் நீ என்னோடு கோபமாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

மற்றத் தாய்மாருக்கும் விளங்க வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சொல்கிறேன், பொறுத்துக்கொள். லண்டனை விட்டுக் கிழக்கே ஒரு மணி நேரம் போனால் வயல்களுக்கு நடுவில் முட்டை வடிவத்தில் ஒரு களிமண் தடம் இருக்கிறது. அமெரிக்காவில் ‘லேட் மொடல்’ என்று சொல்லும் பந்தயக் கார்களின் மாதிரியில் கட்டிய கார்கள் அங்கே ஓடுகின்றன. வெளியே மெல்லிய தகரம். உள்ளே சாரதியைச் சுற்றி இரும்புக் குழாய்களால் ஒரு கூடு. கார் உருண்டால் தகரம் கிழிந்து போகும். ஆளைக் காப்பாற்றுவது அந்தக் கூடு மட்டும்தான். அந்தத் தடத்தில் நான் எட்டு வருடமாகப் பரிசோதகராக இருந்தேன். ஒவ்வொரு காரும் விதிப்புத்தகத்தின்படி கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. என் மகன் அங்கே கார் ஓட்டுகிறான்.

நான் அந்த வேலைக்குப் போனது தற்செயலாகத்தான். பிளேஸ்டோவில் ரயில் பாதைக்குக் கீழே உன் அப்பா கராஜ் தொடங்கியபோது, வருடாந்த வாகனச் சோதனை செய்யும் அனுமதிக்கு ஆங்கிலத்தில் ஒரு பரீட்சை எழுத வேண்டியிருந்தது. “இஞ்சேரும், உந்தக் கேள்வியளைப் பாத்தா எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. நீர் தானே எந்த நேரமும் புத்தகமும் கையும். நீர் எழுதும்” என்றார். பள்ளிக்கூடத்தில் முன் வாங்கில் இருந்து, ஆசிரியை கேட்கும் முன்னரே கையை உயர்த்திய பிள்ளை நான். பிரேக்கைக் கையால் தொடுவதற்கு முன் அதைப் பற்றி நாற்பது பக்கம் படித்துவிட்டேன். பரீட்சையில் பாஸ். ஒருநாள் ரோன் என்ற வயதான ஆங்கிலேயர் தன் வான் வண்டியைச் சோதனைக்குக் கொண்டு வந்தார். நான் அதை நிராகரித்து, ஏன் என்று பக்கத்தைத் திறந்து வாசித்தும் காட்டினேன். மனிதர் கோபப்படவில்லை. அவர்தான் களிமண் தடத்தின் தலைமைப் பரிசோதகர். அடுத்த வாரமே அறுபது பக்க விதிப்புத்தகத்தோடு திரும்பி வந்தார். நான் அதை மூன்று நிற மையால் அடிக்கோடிட்டுப் படித்தேன். ஒரு பக்கத்தில் இருந்த, காரின் பின்சிறகின் உயரம் இன்னொரு பக்கத்தில் இருந்த உயரத்தோடு பொருந்தவில்லை என்று அவருக்குக் கடிதமும் எழுதினேன். இருபது வருடமாக ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை என்று சொல்லி அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

உனக்கு அப்போது பதினாறு வயது. சோதனைக்கு வரிசையில் நிற்கும் கார்களுக்கு நடுவே எனக்காகப் பலகையில் தாளைப் பிடித்துக்கொண்டு எண்களை எழுதுவாய். கூட்டின் குழாய்ச் சுவர் எவ்வளவு தடிப்பு என்று அளக்க ஒரு சின்னக் கருவி இருக்கிறது. குழாயில் கொஞ்சம் ஜெல் பூசி அதன் மூக்கை வைத்தால், ஒலியை உள்ளே அனுப்பி எண்ணைக் காட்டும். விதி இரண்டு தசம் நான்கு மில்லிமீற்றர். அதற்குக் குறைந்தால் கார் வீட்டுக்குப் போக வேண்டும். முதல் நாள் நீ ஜெல்லைத் தொட்டுவிட்டு, “ஏனம்மா இப்பிடிக் குளிருது?” என்று கேட்டாய். “உன்னையும் முதல் முதல் இப்பிடித்தான் பாத்தனான். வயித்திலை இதே மாதிரி ஜெல் பூசி, கருவியை வைச்சு” என்றேன். “அப்ப நான் எத்தினை மில்லிமீற்றர்?” என்று கேட்டாய். ரோனுக்கு மொழிபெயர்த்துச் சொன்னபோது அவர் தேநீரைக் காற்சட்டையில் ஊற்றிக்கொண்டார்.

நான் ஒழுங்கான பிள்ளை அல்லவா? அதனால் எல்லாக் காரையும் ஒரே மாதிரி அளந்தேன். இடது முன் தூண், பிறகு தலைக்கு மேலே உள்ள வளைவின் நடு, பிறகு வலது பின் தாங்கி. மூன்று இடம், எப்போதும் அதே வரிசை. எல்லாரையும் ஒரே விதமாக நடத்துவதுதான் நீதி என்று நினைத்தேன். இரண்டு மாதத்தில், நான் குனியும் முன்னரே அடுத்த இடத்தின் பெயரை நீ சொல்லத் தொடங்கினாய். எனக்குப் பெருமையாக இருந்தது. விதிப்புத்தகம் ‘பரிசோதகர் விரும்பும் எந்த இடத்திலும்’ என்றுதான் சொல்கிறது. பச்சை மையால் அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். இப்போது போய்ப் பார்த்தேன், கோடு இருக்கிறது. நான்தான் அதன்படி நடக்கவில்லை.

இரண்டாவது பிழை இதைவிடக் கேவலமானது. மூன்று வருடத்துக்கு முன் நீ ஓடத் தொடங்கிய பருவத்தில், டயரை மென்மையாக்கும் மருந்தை நிறையப் பேர் பாவித்தார்கள். மருந்தில் ஊறிய டயர் களிமண்ணை நன்றாகப் பிடிக்கும், அது தடைசெய்யப்பட்டது. அன்று கெவின் என்பவரின் இரண்டு சக்கரத்தில் அந்த மணம் வந்தது. துண்டு வெட்டி ஆய்வுகூடத்துக்கு அனுப்ப எடுத்துக்கொண்டு அவரைப் போட்டியிலிருந்து நீக்கினேன். அவருடைய இரண்டு பெண் பிள்ளைகளும் அப்பாவின் கார் எண்ணை முகத்தில் வரைந்துகொண்டு வந்திருந்தார்கள். அடுத்த கார் உன்னுடையது. குனிந்தேன். அதே மணம். நிமிர்ந்து சுற்றிப் பார்த்துவிட்டு உன் காதுக்குள், “ரோன் வாறதுக்கு முன்னம் சக்கரத்தை மாத்து” என்றேன். மாற்றினாய். மூன்றாவதாக வந்தாய். வீட்டுக்கு வரும் வழியில் அதைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அன்று உன்னைக் காப்பாற்றியதாக நினைத்தேன். அம்மாவின் மூக்குக்குத் தப்பினால் போதும் என்றுதான் உனக்குச் சொல்லியிருக்கிறேன்.

இந்தக் குளிர்காலத்தில் உன் புதுக் காரை நீயே எங்கள் கராஜில் கட்டினாய். நான் வரும்போதெல்லாம் தார்ப்பாயால் மூடியிருந்தாய். “முடிஞ்ச பிறகு பாருங்கோவன்” என்றாய். முடிந்த பிறகு மூன்று இடத்திலும் அளந்தேன். இரண்டு தசம் ஐந்து, இரண்டு தசம் ஐந்து, இரண்டு தசம் ஐந்து. கையெழுத்துப் போட்டேன்.

காட்டிக் கொடுத்தது ஈயம். ஒவ்வொரு காரும் ஆகக் குறைந்தது இவ்வளவு நிறை இருக்க வேண்டும் என்று விதி. குறைந்தால் ஈயக் கட்டிகளைச் சேர்க்கலாம். அவற்றுக்கு வெள்ளைப் பூச்சு அடித்து, காரின் எண்ணையும் எழுதியிருக்க வேண்டும். தடத்தில் கழன்று விழுந்தால் யாருடையது என்று தெரிவதற்காக. நான் எந்தக் காரில் எத்தனை கட்டி என்று குறித்து வைப்பேன், ஒருவரும் கேட்காவிட்டாலும். நீ என் எண்ணைத் தடுத்த திங்களுக்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை, தடத்தின் தராசில் உன் கார் ஏறியபோது அடியில் குனிந்து பார்த்தேன். உன் பழைய காரில் இருந்ததைப் போல இரண்டு மடங்கு வெள்ளைக் கட்டி. இயந்திரம் அதே இயந்திரம். தகரமும் இருக்கையும் அதே. நிறை சரியாக இருந்தது. அந்த நிறையை எட்ட ஏன் இவ்வளவு ஈயம் வேண்டும்? ஏதோ ஒன்று மெலிந்திருக்கிறது. மேலே மெலிந்து அந்த நிறை அடியில் ஈயமாக இருந்தால், வளைவில் கார் சாயாமல் வேகமாகத் திரும்பும். நெடுஞ்சாலையில் வரும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். நீ பக்கத்தில் இருந்து கலியாண மண்டபத்துக்கு எந்தப் பாட்டு வைப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தாய்.

திங்கள் காலை நீ உதிரிப்பாகம் வாங்கப் போன நேரம், இருக்கைக்குப் பின்னால், உன் தலைக்கு நேரே குறுக்காகப் போகும் குழாயில் ஜெல் பூசினேன். ஒன்று தசம் ஆறு. பக்கத்துக் குழாய், ஒன்று தசம் ஆறு. எல்லா இடமும் அதுதான், என் மூன்று இடங்களைத் தவிர. அந்த மூன்று இடத்திலும் ஒரு கை நீளத்துக்குத் தடித்த குழாயை வெட்டி நடுவில் வைத்து வெல்டிங்கால் ஒட்டியிருக்கிறாய். ஒட்டின் மேட்டை அராவி, பூச்சு அடித்திருக்கிறாய். கண்ணுக்குத் தெரியவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவியபோதுதான் தெரிந்தது.

நீ வந்தாய். கருவி என் கையில் இருந்ததைப் பார்த்தாய். எத்தனை காட்டியது என்று நீ கேட்கவில்லை.

“எங்கை வைச்சுப் பாத்தனீங்கள்?”

“குறுக்குக் குழாயிலை.”

“நீங்கள் அங்கை ஒருநாளும் வைக்கிறேல்லையே.”

தம்பி, அந்த வசனத்தை இந்தப் பதினொரு நாளும் நான் சுமந்துகொண்டு திரிகிறேன். நீ அதைத் திமிரோடு சொல்லவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டாய்.

“எல்லாரும் ஏதோ ஒண்டு செய்யினம் அம்மா. பிடிக்கிறது உங்கடை வேலை, பிடிபடாமல் ஓடுறது எங்கடை வேலை. அதுதானே கேம்.”

“இது டயர் இல்லையடா. இது உன்ரை தலைக்குப் பின்னாலை நிக்கிறது.”

“டயருக்கு நீங்கள் விட்டனீங்கள் தானே?”

நீ வாகனத்தின் திறப்பை எடுத்தாய். “ரோனிட்டைச் சொல்லுங்கோ, போங்கோ. அங்கை விடாட்டி மற்றத் தடத்திலை ஓடுவன். அவங்கள் நிறுத்துப் பாத்திட்டு விடுவாங்கள். உங்களை மாதிரி ஒருத்தரும் குழாயைத் தடவிக்கொண்டு நிக்க மாட்டாங்கள்.” காரை இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிங்ஸ்பரியில் உன் சிநேகிதன் வீட்டுக்குப் போய்விட்டாய்.

உன் அப்பா முதலில் உன் பக்கம்தான் பேசினார். “கலியாணம் கட்டப்போற பெடியன். இந்தச் சீசன் ஓடிப்போட்டுத் தானா விட்டிடுவான். நீர் எந்த நேரமும் புத்தகத்தைத் தூக்கிப் பிடியாதையும்.” நீ வெட்டி மிஞ்சிய துண்டொன்று குப்பைப் பெட்டியில் கிடந்தது, ஒட்டிப் பழகிப் பார்த்த துண்டு. அதை எடுத்து அவர் கையில் கொடுத்து, விரலைப் பிடித்து அந்த ஒட்டின் மேல் வைத்தேன். முப்பது வருடம் வெல்டிங் செய்த விரல். ஒருதரம் தடவினார், பிறகு மேசையில் பூட்டிய பிடிபொறியில் இறுக்கி வளைத்தார். பெரிய பலம் எதுவும் போடவில்லை. அராவிய இடத்தில் சரியாக மடிந்தது. கொம்பிரசரை நிறுத்திவிட்டுக் கதிரையில் இருந்தார்.

“இப்பிடி அராவ ஆரிட்டைப் பழகினவன்?” என்று கேட்டேன்.

“என்னட்டைத்தான்” என்றார்.

ரோனின் கொட்டிலில் ஒரு வளைந்த குழாய் தொங்குமே, நீ எடுத்து வில் மாதிரிப் பிடித்து விளையாடுவாயே, அது அவர் இளமையில் உருண்ட காரின் கூட்டிலிருந்து வெட்டி எடுத்தது. அது வளைந்திருக்கிறது, மடியவில்லை. வளைந்த குழாய்க்கும் மடிந்த குழாய்க்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பது எனக்கு அறுபது பக்கம் படித்தும் விளங்கவில்லை. அன்று அந்தப் பிடிபொறியில்தான் விளங்கியது.

போன ஞாயிறு மழை பெய்தது. மழை பெய்தால் களிமண்ணில் பந்தயம் இல்லை. சமையலறை ஜன்னலில் நின்று அந்த மழையைப் பார்த்து அழுதேன், சந்தோஷத்தில். இந்த ஞாயிறு வெயில் என்கிறார்கள், மற்றத் தடத்தில் நீ ஓடுவாய். காலையிலிருந்து நாலு தரம் பார்த்துவிட்டேன், மாறவில்லை.

அந்த மழைக்கு முதல் நாள் சனிக்கிழமை, நீ கட்டப்போகும் ஷாமினி கூறைச் சேலை பார்க்க என்னை டூட்டிங்குக்குக் கூப்பிட்டாள். நீயும் நானும் பேசாமல் இருப்பதை நீ அவளுக்குச் சொல்லவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. கடை ஏறி இறங்கிக் களைத்து, கொத்துரொட்டிக்கு முன்னால் இருந்தபோது சொன்னாள்: “என்ரை அம்மாக்கு இவர் ரேஸ் ஓடுறது துண்டாப் பிடிக்கேல்லை ஆன்ரி. ஒவ்வொரு நாளும் ஆய்க்கினை. நான் சொல்லிப்போட்டன், அது ஆன்ரி செக் பண்ணி சைன் வைச்ச கார், எங்கடை வீட்டுக் காரைவிட அதுதான் சேஃப் எண்டு. சரிதானே?”

“ஓம் பிள்ளை” என்றேன்.

அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள். உன் டயரின் மணம் பட்டதும் நான் நிமிர்ந்து சுற்றிப் பார்த்ததைப் போலவே அன்றும் கடையைச் சுற்றிப் பார்த்தேன். ஷாமினி, இந்தக் கடிதத்தை யாராவது உனக்கும் வாசித்துக் காட்டுவார்கள். நான் உனக்குப் பொய் சொன்னேன் பிள்ளை. என்னை மன்னிக்க அவசரப்படாதே.

செவ்வாய்க்கிழமை ரோனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். டயரையும் சொன்னேன், கெவினையும் சொன்னேன். எந்த மூன்று இடம் என்று அவர் கேட்டார். சொன்னேன். எட்டு வருடமாகப் பக்கத்தில் நின்று பார்த்தும் அது எப்போதும் அதே மூன்று என்று தனக்கும் படவில்லையே என்றார். உன் காரின் பதிவுப் புத்தகத்தில் இருந்த என் கையெழுத்தைக் குறுக்கே வெட்டி, வெட்டியது நானே என்று கீழே இன்னொரு கையெழுத்துப் போட்டேன். என் சொந்தக் கருவியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒப்படைத்து, வேலையை விட்டேன். கெவினுக்குத் தானே சொல்வதாக ரோன் சொன்னார். வேண்டாம், நான் சொல்கிறேன் என்றேன். புதன்கிழமை மற்றத் தடத்துக்கு அழைத்தேன். ஒரு பெண் எடுத்தாள், அன்பாகத்தான் பேசினாள். காரை நிறுப்போம், இருக்கைப் பட்டியைப் பார்ப்போம், மற்றது ஓட்டுபவரின் பொறுப்பு என்று அவரிடம் கையெழுத்து வாங்குவோம் என்றாள். நான் ஓட்டுபவரின் அம்மா என்றேன். அவருக்கு எத்தனை வயது என்று கேட்டாள். இருபத்துநாலு என்றேன். அப்படியானால் அவர்தான் தீர்மானிக்க வேண்டும் என்றாள். அவள் சொன்னது சரி. அதனால்தான் இனி உன்னைத் தவிர வேறு ஒருவரிடமும் கேட்க எனக்கு இடமில்லை.

கலியாணம் கட்டப்போகிற பிள்ளைக்குத் தாய் புத்தி சொல்ல வேண்டுமாம். என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். ஷாமினியும் உன்னைச் சில இடங்களில்தான் தொட்டுப் பார்ப்பாள். நேரத்துக்கு வீட்டுக்கு வருகிறாயா, தன் தாய் தகப்பனோடு மரியாதையாகப் பேசுகிறாயா, பிறந்தநாளை மறக்காமல் இருக்கிறாயா. அந்த இடங்கள் எவை என்று உனக்கு இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும், நீ கெட்டிக்காரன். அங்கே மட்டும் தடிப்பாக இருந்துவிட்டு மற்ற இடமெல்லாம் மெலிந்து போகாதே. நானும் உன் அப்பாவும் அப்படிச் சில வருடங்கள் வாழ்ந்தோம். வெளியே ஒருவருக்கும் தெரியவில்லை. கராஜ் தீப்பிடித்த வருடம் நாங்கள் மடிந்து போகாமல் நின்றது புத்தியால் அல்ல, வெறும் அதிர்ஷ்டம்.

நீ வாங்கிய குழாய் ஒன்று தசம் ஆறு என்று உனக்குத் தெரியும். அது போதும் என்று கணக்குப் போட்டிருப்பாய். உருண்டாலும் தாங்கும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். ஆனால் ஒட்டின் ஓரம் எவ்வளவு என்று உனக்குத் தெரியாது. என் கண்ணுக்கு அகப்படக் கூடாது என்று அராவினாயே, அந்த ஓரம். நான் அங்கேயும் வைத்துப் பார்த்தேன். உன் காரில் ஆக மெல்லிய இடம், நீ வேகத்துக்காக மெல்லியதாக்கிய இடம் இல்லை. என்னிடமிருந்து மறைப்பதற்காக மெல்லியதாக்கிய இடம். நான் வேறு விதமான தாயாக இருந்திருந்தால் அந்த இடமே இருந்திருக்காது.

ஓடாதே என்று நான் சொல்லவில்லை. கூட்டை வெட்டிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்டு. அப்பா வருவார். சொல்லிவிட்டார், தானே வந்து கட்டுவதாக, ஒரு ஒட்டையும் அராவாமல். நான் கிட்ட வரமாட்டேன். நான் பார்க்கவும் வேண்டாம்.

இன்று காலை கிங்ஸ்பரிக்கு வந்தேன். நீ வேலைக்குப் போயிருந்தாய். உன் சிநேகிதனின் அம்மாவிடம் ஒரு பெட்டி கொடுத்திருக்கிறேன். அவவும் இந்தக் குழுவில் இருக்கிறா, நீ வந்ததும் தருவா. உள்ளே கருவி இருக்கிறது. மின்கலம் புதிது. ஞாயிற்றுக்கிழமை காரை இழுவையில் ஏற்றுவதற்கு முன் தலைக்கு மேலே உள்ள வளைவில் இடது பக்க ஒட்டைத் தேடு. கண்ணால் தேடாதே, அகப்படாது, நீ அவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறாய். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தேடு. அந்த ஓரத்தில் வைத்துப் பார். பிறகு என் எண்ணை ஒரு நிமிடம் திறந்து, அது காட்டுவதை எனக்கு அனுப்பு. வேறு ஒரு சொல்லும் எழுத வேண்டாம், எண் மட்டும் போதும். முன்பு எனக்காகத் தாளில் எழுதுவாயே, அதே மாதிரி.

ஜெல்லைப் பூச மறக்காதே, தம்பி. குளிரும். பூசாமல் வைத்தால் அது ஒன்றும் காட்டாது.

அம்மா